பொதுத்தேர்வு இல்லை என்பதற்காக பிளஸ் ஒன் இயற்பியலைத் தாண்டிப் போகலாமா?

வாசகர் ஒருவரின் கேள்வி

என் மகன் பிளஸ் ஒன் உயிரியல்-கணிதப் பிரிவில் சேர்ந்திருக்கிறான். பதினொன்றாம் வகுப்புக்கு இனிப் பொதுத்தேர்வு கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் போடுகிறார்கள். அவன் போகும் பயிற்சி மையத்தில், பிளஸ் ஒன் இயற்பியலைப் பெயருக்கு முடித்துவிட்டு இப்போதே பிளஸ் டூ புத்தகத்தைத் தொடங்கிவிடலாம், இரண்டு முறை திருப்புதல் கிடைக்கும் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதில் என்ன கெடுதல்?

செப்டம்பர் 7

கெடுதல் முதல் பாடத்திலேயே தொடங்கிவிடும், அம்மா.

பிளஸ் டூ இயற்பியலின் முதல் அலகு நிலை மின்னியல். அதில் சில பக்கங்களுக்குள் மின் இருமுனை, அதாவது சிறு இடைவெளியில் நிற்கும் சம அளவு நேர், எதிர் மின்துகள்களின் இணை, வந்துவிடும். சீரான மின்புலத்தில் அதை வைத்தால் நேர் மின்துகள் மீது ஒரு திசையிலும் எதிர் மின்துகள் மீது நேர் எதிர்த் திசையிலும் சமமான விசைகள் செயல்படும். கூட்டினால் சுழி. ஆனாலும் இருமுனை சுழலும். "மொத்த விசை சுழி என்றால் அது ஏன் சும்மா இருக்கவில்லை?" என்று பிள்ளை கேட்பான். கேட்கத்தான் வேண்டும். அதற்கான பதில் பிளஸ் ஒன் ஐந்தாம் அலகில், பொருளைச் சுழற்றும் விளைவான திருப்பு விசை என்ற இடத்தில் இருக்கிறது. அதைப் படிக்காதவனுக்கு ஆசிரியர் என்ன சொல்ல முடியும்? "இருமுனைத் திருப்புத்திறனையும் மின்புலத்தையும் கோணத்தின் சைனையும் பெருக்கு, இதுதான் வாய்பாடு, எழுதிக்கொள்" என்பார். அவனும் எழுதிக்கொள்வான். இயற்பியல் என்றால் எழுதிக்கொள்வது என்ற பழக்கம் அன்றைக்கே ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகு அதைக் கழற்றுவது பெரும்பாடு.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். இந்தக் குறுக்குவழியில் வந்த பிள்ளைகளை வகுப்பில் பார்த்திருக்கிறேன். புத்தி குறைந்தவர்கள் என்று அவர்களில் ஒருவரையும் சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டிருந்தார்கள்.

செப்டம்பர் 8

நேற்று விட்டது. மின்னழுத்தம் என்பதே வேலையை வைத்துச் சொல்லப்படுவது. ஓரலகு நேர் மின்துகளை முடிவிலாத் தொலைவிலிருந்து கொண்டுவரச் செய்யும் வேலை. வேலையும் ஆற்றல் மாற்றா விசையும் பிளஸ் ஒன் நான்காம் அலகு. அங்கே புவியீர்ப்பில் ஒரு பொருளை எந்த வழியாகத் தூக்கினாலும் வேலை ஒன்றே என்று புரிந்தவன், இங்கே ஒரே வரியில் கடந்துவிடுவான். புரியாதவனுக்கு "முடிவிலா" என்ற சொல்லே மந்திரம் போல நிற்கும்.

செப்டம்பர் 11

கீழே மறுமொழியில் ஒருவர், பிளஸ் டூ புத்தகமே தேவையான இடத்தில் பழையதை நினைவுபடுத்திவிடுகிறது, தனியாக ஓராண்டு எதற்கு என்கிறார். நினைவுபடுத்துகிறது, மறுக்கவில்லை. படித்தவனுக்குத்தானே நினைவு வரும்?

மில்லிகனின் எண்ணெய்த் துளிச் சோதனையை எடுத்துக்கொள்வோம். ஒன்பதாம் அலகில் இருக்கிறது. தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்கத் தகுந்தது. எலக்ட்ரானின் மின்னூட்டத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை என்பதால் இது மின்னியல் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். உள்ளே போய்ப் பாருங்கள். மின்புலத்தை நிறுத்திவிட்டு, துளி காற்றில் விழுவதை முதலில் கவனிக்கிறார்கள். சற்று நேரத்தில் துளி சீரான திசைவேகத்துக்கு வந்துவிடும். அதாவது கீழே இழுக்கும் எடையும், மேலே தள்ளும் மிதப்பு விசையும் காற்றின் தடையான பாகியல் விசையும் சமன்பட்டுவிட்டன. பாகியல் விசையைத் துளியின் ஆரத்தோடும் வேகத்தோடும் இணைப்பது ஸ்டோக்ஸ் விதி. அதிலிருந்துதான் துளியின் ஆரம் கிடைக்கிறது. ஆரம் தெரிந்தால் நிறை. நிறை தெரிந்த பிறகுதான் மின்புலத்தைப் போட்டுத் துளியை அந்தரத்தில் நிறுத்தி மின்னூட்டத்தைக் கணக்கிட முடியும். சோதனையில் பாதிக்கு மேல் பிளஸ் ஒன் ஏழாம் அலகு, பருப்பொருளின் பண்புகள். மின்னியல் பகுதி கடைசி இரண்டு வரி.

முற்றுத் திசைவேகம் என்றால் என்னவென்று தெரியாத பிள்ளை இதை எப்படிப் படிப்பான்? "துளி சீரான திசைவேகத்தை அடைகிறது" என்று மனப்பாடம் செய்வான். ஏன் அடைகிறது, ஏன் வேகம் கூடிக்கொண்டே போகவில்லை என்று அவனுக்குத் தோன்றவே தோன்றாது. மழைத்துளி மேகத்திலிருந்து விழுந்தும் நம் தலையைத் துளைக்காமல் இருப்பதற்கும் இதே காரணம்தான் என்று பிளஸ் ஒன்னில் சொன்னால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். அந்த நாளை அந்தப் பிள்ளையிடமிருந்து பறித்துவிட்டு, திருப்புதலுக்கு இரண்டு முறை கொடுத்து என்ன பயன்?

செப்டம்பர் 12

நீட் எழுதும் எண்ணம் இருந்தால் இந்த விவாதத்துக்கே இடமில்லை. அதில் இயற்பியலுக்கு 45 வினாக்கள், 180 மதிப்பெண். பாடத்திட்டம் இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து. தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிப்பார்கள். ஜே.இ.இ.யும் அப்படியே இரண்டு ஆண்டுப் பாடத்தையும் கேட்கும். உயிரியல்-கணிதப் பிரிவில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு பிளஸ் ஒன்னை விடச் சொல்லும் பயிற்சி மையம் எந்தத் தேர்வை மனத்தில் வைத்திருக்கிறது என்று நேரில் கேளுங்கள்.

செப்டம்பர் 20

"நான் இந்த வழியில்தான் படித்தேன். இயற்பியலில் சதம் வாங்கினேன்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். நம்புகிறேன். வாங்க முடியும்.

எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண். 15 ஒரு மதிப்பெண் வினாக்கள், இரண்டு மதிப்பெண்ணில் ஆறு, மூன்று மதிப்பெண்ணில் ஆறு, ஐந்து மதிப்பெண்ணில் ஐந்து. செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. வினாக்கள் பெரும்பாலும் புத்தகத்தை ஒட்டியே வரும். உழைக்கும் பிள்ளை முழுவதையும் உருப்போட்டு முழு மதிப்பெண் எடுக்கலாம். அதை நான் சாதனை இல்லை என்று சொல்ல மாட்டேன், அதற்கும் கடும் உழைப்பு வேண்டும்.

விடைத்தாள் திருத்தும் முகாம்களில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வாய்பாட்டைப் படிப்படியாக வருவிக்கச் சொல்லும் தருவித்தல் வினாவில், புரிந்து எழுதியவனின் தாளில் எங்காவது ஓர் அடித்தல் இருக்கும். ஒரு குறி மாறிப் போயிருக்கும், இரண்டு வரி கழித்து அவனே கண்டுபிடித்து மேலே போய்த் திருத்தியிருப்பான். உருப்போட்டவனின் தாள் படு சுத்தமாக இருக்கும். ஆனால் ஒரு வரி மறந்திருந்தால் அடுத்த வரி முந்தைய வரியிலிருந்து வரவே முடியாது, இருந்தும் எழுதியிருப்பான். விடைக்குறிப்பில் படிக்குப் படி மதிப்பெண் உண்டு என்பதால் சரியாக இருக்கும் படிகளுக்கு நாமும் போட்டுவிடுவோம். விதிப்படி அது சரிதான். ஆனால் அந்த மதிப்பெண்ணை எழுதும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருந்திருக்கிறது.

அந்தச் சதம் பொறியியல் கலந்தாய்வில் 200க்கு 50 ஆக உதவும். முதல் பருவத்தில் கல்லூரி வாசலைத் தாண்டிய பிறகு என்ன உதவும்? என்னிடம் படித்துப் பொறியியலுக்குப் போனவர்களில் பலர் முதலாண்டு விடுமுறையில் வந்து கேட்பது பிளஸ் ஒன் புத்தகத்தைத்தான். விசைகளைப் பிரித்து எழுதுவது, நிலைமத் திருப்புத்திறன், வெப்ப இயக்கவியலின் முதல் விதி. இயந்திரவியலும் கட்டடப் பொறியியலும் நிற்பது இவற்றின் மேல்தான். தம்பி எந்தத் துறையில் சேர்ந்தார், முதலாண்டு எப்படிப் போனது என்று எழுதினால் எல்லோருக்கும் பயனாக இருக்கும்.

செப்டம்பர் 21

தம்பி பதில் எழுதியிருக்கிறார், படித்தீர்களா? கணினி அறிவியலில் சேர்ந்ததால் தப்பித்தேன் என்கிறார். வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி.

அக்டோபர் 3

இவ்வளவும் எழுதிய பிறகு ஒன்று தோன்றுகிறது. பிளஸ் ஒன் முழுவதையும் முடித்த பிறகுதான் பிளஸ் டூவைத் தொட வேண்டும் என்று நான் சொல்வதாகச் சிலர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. சேர்த்துப் படித்தால் இரண்டுமே தெளிவாகும் இடங்கள் உண்டு. பயிற்சி மையம் உண்மையிலேயே அக்கறையுள்ளது என்றால் அந்த இணைப்புகளைக் காட்டி நடத்தட்டும், நானே கைதட்டுவேன்.

எனக்கு மிகவும் பிடித்த இணைப்பு இது. பிளஸ் ஒன் ஆறாம் அலகில் பூமியைச் சுற்றும் துணைக்கோளின் ஆற்றலைக் கணக்கிடுகிறோம். நிலை ஆற்றல் எதிர்க்குறி. இயக்க ஆற்றல் அதன் அளவில் சரிபாதி, நேர்க்குறி. கூட்டினால் மொத்த ஆற்றல் எதிர்க்குறியோடு அந்தப் பாதி அளவு. இப்போது பிளஸ் டூவில் நீல்ஸ் போரின் அணு மாதிரிக்கு வாருங்கள். ஹைட்ரஜன் அணுவின் அடிநிலையில் மொத்த ஆற்றல் −13.6 எலக்ட்ரான் வோல்ட். இயக்க ஆற்றல் 13.6, நிலை ஆற்றல் −27.2. அதே கணக்கு! தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் எந்த ஈர்ப்பு விசையிலும் வட்டப்பாதைக்கு இப்படித்தான் வரும். ஒரு பக்கம் பல டன் எடையுள்ள துணைக்கோள், மறுபக்கம் கண்ணால் காண முடியாத எலக்ட்ரான். கரும்பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு நான் பேசாமல் நின்றிருக்கிறேன். பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

எதிர்க்குறிக்குப் பொருள் "கட்டுண்டிருக்கிறது" என்பது. துணைக்கோளைப் பூமியிடமிருந்து விடுவிக்க எவ்வளவு ஆற்றல் தர வேண்டும், எலக்ட்ரானை அணுவிடமிருந்து பிரிக்க எவ்வளவு தர வேண்டும் என்பதும் ஒரே கேள்வி.

இன்னோர் இணைப்பு, சுருள்வில்லில் தொங்கும் நிறையும் மின்தூண்டி–மின்தேக்கிச் சுற்றும். நிறை இருந்த இடத்தில் மின்தூண்டல் எண், இடப்பெயர்ச்சி இருந்த இடத்தில் மின்னூட்டம், சுருள்வில் மாறிலி இருந்த இடத்தில் மின்தேக்குத்திறனின் தலைகீழ். அலைவு நேரத்துக்கான வாய்பாடு தானாக வந்து விழும். பிளஸ் டூ புத்தகத்திலேயே இந்த ஒப்பீடு இருக்கிறது. பலர் அதை அட்டவணை என்று மட்டும் எண்ணி மனப்பாடம் செய்கிறார்கள்.

அக்டோபர் 19

செய்முறையைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. பொதுத்தேர்வு இல்லையென்றால் முதலில் பூட்டப்படுவது பிளஸ் ஒன் ஆய்வகம்தான். எனக்கு அதுதான் பெரிய பயம்.

ஒலியின் வேகத்தை அளக்கும் ஒத்ததிர்வுத் தம்பச் சோதனையைச் செய்து பார்த்த பிள்ளைக்கும் படம் மட்டும் பார்த்த பிள்ளைக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்கிறேன். 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை ரப்பர் கட்டையில் தட்டிக் குழாயின் வாய்க்கு நேரே பிடிக்க வேண்டும். கவையின் கிளைகள் மேலும் கீழுமாக அதிரும்படி பிடிக்க வேண்டும், திருப்பிப் பிடித்தால் ஒலி தேயும். மெல்ல நீர்மட்டத்தைத் தாழ்த்திக்கொண்டே வர வேண்டும். சுமார் 16 செ.மீ. காற்றுத் தம்பத்துக்கு வரும்போது குழாய் திடீரென்று கத்தும். அந்த ஒலியைக் கேட்டுப் பிள்ளைகள் பின்வாங்குவார்கள், பிறகு சிரிப்பார்கள். இன்னும் தாழ்த்தினால் 50 செ.மீ. அளவில் மறுபடி. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 34 செ.மீ. அதை இரட்டித்து அதிர்வெண்ணால் பெருக்கினால் வினாடிக்கு 348 மீட்டர். அறை வெப்பநிலை 30 டிகிரி என்றால் புத்தகக் கணக்குப்படி 349 வர வேண்டும்.

இரண்டாவது நீளம் எதற்கு, முதல் நீளத்தை நான்கால் பெருக்கி அலைநீளம் எடுத்தால் போதாதா என்று கேட்க வையுங்கள். போதாது. எதிரொலிக்கும் இடம் குழாயின் வாயில் சரியாக அமையாமல் சற்று வெளியே அமைகிறது. இரண்டு நீளங்களைக் கழிக்கும்போது அந்த முனைத்திருத்தம் நீங்கிவிடும். தெரியாத பிழையை அளக்காமலேயே கழித்து விலக்கும் இந்த உத்தியைப் பிளஸ் ஒன்னில் கையால் செய்தவன், பிளஸ் டூவில் மின்தடையை அளக்கும் மீட்டர் சமனச் சுற்றில் இரண்டு மின்தடைகளையும் இடம் மாற்றி மறுபடி ஏன் அளக்கிறோம் என்று கேட்க மாட்டான். அவனே சொல்வான்.

நவம்பர் 2

செய்முறையைப் பற்றி எழுதியதற்கு நிறைய மறுமொழிகள். கம்பிச் சுருளின் மின்னோட்டம் காந்த ஊசியை எவ்வளவு விலக்குகிறது என்று பார்க்கும் டேஞ்சண்ட் கால்வனோமீட்டரில் அளவீடு ஒருபோதும் ஒத்துவருவதில்லை என்று ஒரு மாணவி புலம்பியிருக்கிறார். மகளே, சட்டைப்பையிலோ பக்கத்து மேசையிலோ கைபேசி இருக்கிறதா பார். மேசையின் கீழ் இரும்புச் சட்டம் இருக்கிறதா பார். மின்னோட்டத்தைத் திசை மாற்றி, ஊசியின் இரு முனைகளையும் படித்துச் சராசரி எடு. விலக்கம் 30 முதல் 60 டிகிரிக்குள் இருக்கட்டும். சுருளின் தளத்தைக் காந்த ஊசியோடு சரியாக ஒன்றவைக்காமல் அவசரப்பட்டால் எல்லாமே கோணலாகப் போகும்.

அளவு சரியா என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து சுற்று, ஆரம் 8 செ.மீ., புவிக்காந்தப்புலத்தின் கிடைத்தளக் கூறு நம் ஊர்ப்பக்கம் ஏறக்குறைய 4 × 10⁻⁵ டெஸ்லா. 45 டிகிரி விலக்கத்துக்குச் சுமார் 1 ஆம்பியர் தேவைப்படும். உனக்குக் கால் ஆம்பியரிலேயே 45 வருகிறது என்றால் சுற்று எண்ணிக்கையைத் தவறாக எடுத்திருக்கிறாய், அல்லது பக்கத்தில் ஏதோ காந்தம் இருக்கிறது.

நவம்பர் 3

நேற்றைய குறிப்பிலிருந்து விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கிடைத்தளக் கூறு எல்லா ஊரிலும் ஒன்றுதானே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. புவியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடி மாவட்டங்களின் பக்கமாகப் போகிறது. அங்கே புலம் ஏறத்தாழ முழுவதும் கிடைத்தளமாகவே இருக்கும், சரிவு சுழிக்கு அருகில். வடதுருவப் பக்கம் போகப் போகப் புலம் தரையை நோக்கிச் சாய்ந்து கிடைத்தளக் கூறு குறையும். ஐரோப்பாவில் இதே சுருளை வைத்தால் 45 டிகிரிக்குக் குறைந்த மின்னோட்டமே போதும்.

1963 நவம்பர் 21 அன்று இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் கேரளத்தின் தும்பாவிலிருந்து புறப்பட்டது. அந்த மீனவக் கிராமத்தைத் தேர்ந்ததற்குக் காந்த நடுக்கோடு அருகில் இருந்தது முக்கியமான காரணம். டேஞ்சண்ட் கால்வனோமீட்டர் அளக்கும் புலமும் அதுதான். இதைச் சொல்லாமல் செய்முறைப் பதிவேட்டை நிரப்புகிறோம்.

கொடைக்கானல் போனால் சூரிய ஆய்வகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 1909இல் ஜான் எவர்ஷெட் அங்கே சூரியப்புள்ளிகளின் நிறமாலைக் கோடுகள் சற்று இடம்பெயர்ந்திருப்பதைக் கண்டு, புள்ளிக்குள் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்கிறது என்று காட்டினார். நிறமாலை பிளஸ் டூ. அலைமூலம் நகரும்போது அலைநீளம் மாறித் தெரியும் டாப்ளர் விளைவு பிளஸ் ஒன் கடைசி அலகு. எந்த அலகைத் "தேவையில்லை" என்று அந்தப் பயிற்சி மையம் தாண்டப்போகிறதோ, அந்த அலகு.

டிசம்பர் 14

கேள்வி கேட்ட அம்மா மறுபடி எழுதியிருக்கிறார். பயிற்சி மையத்தை மாற்றிவிட்டார்கள். ஆனால் அரையாண்டுக்கு முன் மகன் இரண்டாம் அலகிலேயே திணறுகிறானாம், கணிதத்தில் நல்ல மதிப்பெண் எடுப்பவன் இயற்பியலில் ஏன் இப்படி என்கிறார்.

இது அவன் குறை இல்லை. கால அட்டவணையின் குறை. பிளஸ் ஒன் இயற்பியல் இரண்டாம் அலகு, பள்ளி திறந்த சில வாரங்களிலேயே, வெக்டரையும் வகையிடலையும் தொகையிடலையும் கேட்கிறது. கணிதப் புத்தகத்தில் இவை எல்லாம் இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. கணித ஆசிரியர் அங்கே போய்ச் சேர்வதற்குள் இயற்பியலில் பாதி ஆண்டு ஓடிவிடும். இயற்பியல் புத்தகம் அந்த அலகிலேயே சுருக்கமாக ஓர் அறிமுகம் தருகிறது. அதை அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். நான் வகுப்பு தொடங்கியதும் இயற்பியல் எதையும் எடுக்காமல் வரைபடத்தின் சாய்வும் பரப்பும் மட்டுமே நடத்துவேன். இடப்பெயர்ச்சி–நேர வரைபடத்தின் சாய்வு திசைவேகம், திசைவேக–நேர வரைபடத்தின் கீழுள்ள பரப்பு இடப்பெயர்ச்சி. வகையிடலும் தொகையிடலும் என்னவென்று கையில் வந்துவிடும். தலைமையாசிரியர்கள் பாடம் பின்தங்குகிறது என்று கேட்பார்கள். ஆண்டிறுதியில் சரியாகிவிடும்.

அடுத்தது, மூன்றாம் அலகுக் கணக்கு எதையும் தனித்த பொருள் விசைப்படம் வரையாமல் தொட விடாதீர்கள். சாய்தளத்தில் ஒரு பெட்டி என்றால், பெட்டியை மட்டும் தனியே வரைந்து அதன்மீது எவை விசை செலுத்துகின்றன என்று அம்புக்குறி போட வேண்டும்: பூமி ஒன்று, தளம் ஒன்று, உராய்வு ஒன்று. "முன்னோக்கிய விசை" என்று ஓர் அம்பு கூடுதலாகப் போட்டிருந்தால், "இதை யார் தருகிறார்கள்?" என்று கேளுங்கள். பதில் வராது. அழிப்பான். அந்த ஒரு கேள்வியை நீங்களே கேட்கலாம், இயற்பியல் படித்திருக்க வேண்டியதில்லை.

ஜனவரி 10

கணிதம் இல்லாத பிரிவில், தாவரவியலும் விலங்கியலும் எடுத்துப் படிக்கும் பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார். அவர்களுக்கும் அதே இயற்பியல் புத்தகம், அதே வினாத்தாள். வகையிடல் சொல்லித்தர வேறு எந்த வகுப்பும் இல்லை. இயற்பியல் ஆசிரியர் தரவில்லை என்றால் அவர்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. டிசம்பர் 14இல் எழுதிய வரைபட வழி இவர்களுக்கு இன்னும் அவசியம். நீட் எழுதப்போகிறவர்கள் பலர் இந்தப் பிரிவிலும் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால் மனம் பதைக்கிறது. தயவுசெய்து இவர்களுக்காகக் கூடுதல் வகுப்பு வையுங்கள்.

பிப்ரவரி 8

கணக்கிடும் வேகத்தைப் பற்றிக் கேட்டவருக்கு. பொதுத்தேர்வில் கால்குலேட்டர் கிடையாது, மடக்கை அட்டவணைதான். நீட்டில் அதுவும் கிடையாது. ஆகவே இரண்டு பழக்கம் வேண்டும். எண்களைப் பத்தின் அடுக்காக எழுதி, அடுக்குகளைத் தனியே கூட்டிக் கழித்துவிட்டு மீதியைப் பெருக்குவது ஒன்று. விடை வருவதற்கு முன் தோராயமாக எவ்வளவு வரும் என்று சொல்லிப் பார்ப்பது இன்னொன்று. எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.6 × 10⁻¹⁹ கூலூம். ஒரு ஆம்பியர் மின்னோட்டத்தில் ஒரு வினாடிக்கு எத்தனை எலக்ட்ரான்கள்? ஒன்றை 1.6ஆல் வகுத்தால் 0.625, அடுக்கு 19. ஆக 6.25 × 10¹⁸. பேனாவை எடுக்காமல் இது வர வேண்டும்.

மகன் எட்டாம் அலகில் இருக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள், அம்மா. வெப்ப இயக்கவியலில் அழுத்த–பருமன் வரைபடம் வந்ததும் பரப்பை அவனே கட்டம் எண்ணிக் கண்டுபிடிக்கட்டும், வாய்பாட்டை அதன் பிறகு பார்க்கட்டும். வரைபடத் தாள் வாங்கிக் கொடுங்கள்.